மர மில் கட்ட மரக் கிட்தான் வேண்டுமா?

மதுரையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். மொட்டை மாடி அறையில், 8க்கு 4 அடி பிளைவுட்டில் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, மாதிரி ரயில் போட்டிருக்கிறார். 1950களின் அமெரிக்க வெர்மான்ட் மாநிலம், ஒற்றைத் தண்டவாளக் கிளைப்பாதை, மாட்டுப் பண்ணைகள், ஒரு சிற்றூர் ஸ்டேஷன். மதுரையில் ஏன் வெர்மான்ட் என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷம் பாஸ்டனில் வேலை பார்த்தவர், அங்கே ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சைடிங், அதாவது சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம், காலியாகக் கிடக்கிறது.

"அண்ணே, அங்க ஒரு மர மில், மரத்தால கட்டின பழைய மில் கட்டடம், வைக்கணும். பிளாஸ்டிக் கிட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், லேசர்ல வெட்டின மரக் கிட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். எதை வாங்க?"

"மில் எங்க நிக்கப் போகுது? ஓரத்துலயா, சுவரை ஒட்டியா?"

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. அன்று போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கிட்டுக்கு, அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் கட்டடத் துண்டுகள் அடங்கிய பெட்டிக்கு, முன்னால் மில்லை முடிவு செய்யவேண்டும். மர மில் என்றதும் நீர்ச்சக்கரம் சுற்றும் மாவு மில்தான் எல்லோர் கண்ணிலும் வரும். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டார விவசாயிகள் வண்டியில் தானியம் கொண்டுவந்து, அரைத்து, அதே வண்டியில் எடுத்துப்போன மில் அது. அதற்கு ரயிலே தேவையில்லை. சைடிங் பக்கத்தில் வைத்தால் ரயிலும் மில்லும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நிற்கும். மர அறுவை மில் ரயிலுக்கு நிறைய வேலை கொடுக்கும், ஆனால் இடத்தை விழுங்கும்: கட்டைகள் மிதக்கும் குளம், கட்டைகளை மேலே இழுக்கும் சாய்தளம், பாய்லர் அறை, பலகை உலர்த்தும் முற்றம், சிலாம்பும் மரத்தூளும் எரிக்கும் அடுப்புக் கோபுரம். இதில் பாதியை விட்டுவிட்டால் அது வெறும் கொட்டகை. 8க்கு 4 பலகையில் அதற்கு இடமில்லை.

மிஞ்சுவது தீவன மில். வெர்மான்ட் மாதிரிப் பால்பண்ணை நாட்டுக்கு இதுதான் பொருத்தம். தானியமும் தீவனமும் 40 அடி பாக்ஸ் காரில், அதாவது மூடிய சரக்குப் பெட்டியில், வந்து இறங்கும். தானியம் மூட்டை கட்டாமல் வந்தால், கதவு இடைவெளியில் உள்பக்கமாகப் பலகை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். தீவனம் விற்ற ஆட்கள் பலர் நிலக்கரியும் விற்றார்கள், அதனால் எப்போதாவது அடிப்பக்கம் திறந்து கரி கொட்டும் ஒரு ஹாப்பர் வேகனும் வரும். ஒரே ஒரு சைடிங்கில் இத்தனை வேலை. தம்பிக்கும் இது உடனே பிடித்துப்போயிற்று.

இனி எதில் கட்டுவது என்ற கேள்வி. வழிகள் நான்கு: வார்த்தெடுத்த பிளாஸ்டிக் கிட், லேசர் மரக் கிட், குச்சியும் வரைபடமும் மட்டும் தரும் பழைய பாணி கைவினைக் கிட், கிட்டே இல்லாமல் நாமே மரம் வாங்கிக் கட்டுவது. நான்கிலும் கை வைத்திருக்கிறேன், ஒன்றில் தோற்றும் இருக்கிறேன்.

முதலில் பிளாஸ்டிக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்ச நாள் ஆனவுடன் எல்லோரும் அதை இளக்காரமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். வால்தர்ஸ் நிறுவனத்தின் கார்னர்ஸ்டோன் வரிசையில் சன்ரைஸ் ஃபீட் மில் என்று ஒரு தீவன மில் உண்டு. அந்த மாதிரிக் கிட் ஒன்றை இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். நான்கு சுவரும் நான்கு மூலையில் ஒழுங்காகச் சேரும். ஜன்னல் சட்டம் தலைமுடி கனத்தில் வார்ப்பாகவே இருக்கும். மழைக்காலத்தில் வளையாது, செல் அரிக்காது, கை தவறித் தண்ணீர் கொட்டினாலும் துடைத்துவிட்டுப் போகலாம். பெயின்ட் பிடிக்கவில்லையா, கழுவிவிட்டு மறுபடி அடிக்கலாம். மரத்தில் அந்த மறுவாய்ப்பு கிடையாது. ஒரு தடவை சாயம் ஊறினால் ஊறியதுதான்.

பிளாஸ்டிக்கின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அச்சு வெட்டியவர் மரம் என்று தெரியட்டும் என்று ரேகையை ஆழமாகப் போட்டிருப்பார். எச்.ஓ. அளவு 1:87, நிஜத்தில் ஓர் அடி இங்கே 3.5 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் அந்த ரேகைகளை நிஜ அளவுக்குப் பெரிதாக்கினால் விரல் நுழையும் பள்ளமாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையின் அண்ணன் தம்பி போல ஒரே கனம், ஒரே நேர்கோடு. முனை தூக்கிய பலகை ஒன்றுகூட இருக்காது. இதெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்த மில்லில் பெரிய விஷயமே இல்லை. உரிந்து, வெளுத்து, சாம்பல் பூத்த மில்லில்தான் காட்டிக்கொடுக்கும்.

நான் சொல்லவருவது இதுதான். மரக் கிட்டுக்குக் கொடுக்கும் அதிகப் பணத்துக்கும் உழைப்புக்கும் மரம் திருப்பித் தருவது ஒன்றே ஒன்று: பெயின்ட் போன இடத்தில் தெரிகிற மரம். உங்கள் மில்லின் சுவரில் அது தெரியப்போவதில்லை என்றால், முழுச் சுவரையும் பச்சையோ சிவப்போ அடித்து மூடத்தான் போகிறீர்கள் என்றால், மரக் கிட் வாங்குவது வீண். தேக்குக் கதவு வாங்கிச் சன்மைக்கா ஒட்டுவது மாதிரி. அப்படி மூடிய மரச் சுவரையும் நன்றாகப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் சுவரையும் அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்து எது எது என்று சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது.

அதனால்தான் எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் கேட்டேன். 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று எச்.ஓ. கட்டடத்தைப் பார்ப்பது, நிஜக் கட்டடத்தை 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 52 மீட்டரில் என்ன தெரியும்? சுவரின் நிறம், கூரையின் சரிவு, உரிந்த திட்டுகள், ஜன்னலின் இருட்டு. ஆணி தெரியாது. ஆனாலும் மரக் கிட் கட்டுகிற எல்லோரும் சுவரில் வரிசையாக ஆணித் துளை போடுகிறோம், நானும்தான். ஓர் ஆணியின் தலை எச்.ஓ. அளவில் 0.1 மில்லிமீட்டர் சுற்று. நாம் குத்தும் குண்டூசித் துளை அதைப்போல மூன்று மடங்கு, அதாவது நிஜத்தில் ஓர் அங்குல ஆணித் தலை. இது அலங்காரம், அவ்வளவுதான். செய்யுங்கள், நன்றாக இருக்கிறது; மில் அதனால் நிஜமாகிவிட்டது என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

லேசர் மரக் கிட்டுக்கு வருவோம். மெய்ன் மாநிலத்து ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்ட பார் மில்ஸ், லேசர்கிட் என்ற பெயரில் விற்ற அமெரிக்கன் மாடல் பில்டர்ஸ், இன்னும் பல சிறிய நிறுவனங்கள் இத்தகைய கிட்களைப் போட்டிருக்கின்றன. பெட்டியைத் திறந்தால் பாஸ்வுட் என்ற மென்மரத் தகடுகள்: சுவர், ஜன்னல் ஓட்டை எல்லாம் வெட்டியபடி, மெல்லிய பாலங்களில் தொங்கிக்கொண்டு. ஜன்னல் சட்டங்கள் பின்புறம் பசை உள்ள தாளில், உரித்து ஒட்டுகிற மாதிரி. கூரைக்கு அட்டை. பீப்பாய், மூட்டை, புகைபோக்கி போன்றவை ரெசினிலோ வெள்ளீயக் கலவையிலோ வார்த்த துண்டுகள். கூடவே கரித்த வாசனை. லேசர் மரத்தை எரித்துத்தான் வெட்டுகிறது, அதனால் எல்லா விளிம்பும் காப்பி நிறத்தில் இருக்கும். அதை உப்புத்தாளில் லேசாக எடுக்கவேண்டும், அல்லது சேர்ப்பதற்கு முன்னால் நிறம் கொடுத்து மறைக்கவேண்டும். சுவர் சேர்த்த பிறகு மூலையில் கறுப்புக் கோடு தெரிகிறதே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

இதில் பிடித்த விஷயம், வெட்டு வேலை முடிந்துவிட்டது, மர வேலை அப்படியே நமக்கு மிச்சமிருக்கிறது என்பது. ஜன்னல் ஓட்டையைச் சதுரமாக வெட்டுவது யாருக்கும் சுகமான வேலை இல்லை. சுவருக்கு வயதைக் கொடுப்பது சுகம்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி இங்கேதான் தீர்கிறது. முதலில் சுவர்த் தகட்டின் பின்புறம் 3 மில்லிமீட்டர் சதுரச் சட்டங்களை ஒட்டவேண்டும். எந்தத் திசையில் என்பது முக்கியம். மரம் ரேகையின் நீளவாக்கில் அசையாது, குறுக்கேதான் உப்பும், சுருங்கும். படுக்கைப் பலகைச் சுவரில் ரேகை கிடைமட்டமாக ஓடுவதால், தாங்கு சட்டம் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும். கிட்டில் கொடுக்கும் சட்டம் அநேகமாகப் போதாது. நான் எப்போதும் ஒரு மடங்கு அதிகம் வைப்பேன்.

அடுத்து சின்னப் பித்தளை பிரஷ்ஷால் ரேகைப் போக்கிலேயே நாலு இழுப்பு. பிளேடின் முனையால் அங்கங்கே இரண்டு மூன்று பலகைகளின் நுனியை மட்டும் மெல்லத் தூக்கிவிடுவது. பிறகு சாயம்: கால் லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு டீஸ்பூன் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை. ஆல்கஹால் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது, தண்ணீர் கலந்தது மரத்தை உப்ப வைக்கும். பிரஷ்ஷில் தொட்டுச் சுவரில் வைத்ததும் மரம் அதை உறிஞ்சுகிற வேகம் ஒன்றுண்டு. ரேகையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறங்கி, பத்தே நிமிஷத்தில் ஐம்பது வருஷ வெயிலும் பனியும் பார்த்த சாம்பல் நிறம் வந்துவிடும். பெட்டியில் இருந்த மஞ்சள் பலகையா இது என்று இருக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் பெயின்ட்டை, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில், திட்டுத் திட்டாக. பெயின்ட் முழுதாகக் காய்வதற்குள் சாதாரண செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் செதில் செதிலாக உரியும். எங்கே உரிய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துவைக்கவேண்டும். வெர்மான்டில் வெயில் தெற்கிலிருந்து அடிக்கிறது, அதனால் தெற்குச் சுவர் அதிகம் வெளுக்கும், வடக்குச் சுவரில் பெயின்ட் ஓரளவு நிற்கும். ஜன்னல் படிக்குக் கீழே, கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் அடிப் பலகைகளில், மூட்டை உரசும் கதவு ஓரத்தில் உரியும். சாய்ப்புக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் சுவரில் உரியாது. நான்கு சுவரையும் ஒரே மாதிரி உரித்து வைத்தால், என்ன கிட் வாங்கியிருந்தாலும் பொம்மைதான்.

இதே விளைவைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர முடியாதா? முடியும். முதலில் வெளிர் பழுப்பு, மேலே இரண்டு மூன்று சாம்பல் நிறங்களில் பலகை பலகையாகக் கீற்று, பிறகு மேல் பெயின்ட்டைக் கிள்ளிய ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது. கை தேர்ந்தவர்கள் பிரமாதமாகச் செய்கிறார்கள். ஆனால் அங்கே மரத்தையும் நாம்தான் வரைய வேண்டும், பெயின்ட்டையும் நாம்தான் வரைய வேண்டும். மரக் கிட்டில் மரம் தன் பங்கைத் தானே செய்துவிடுகிறது. எனக்குத் தூரிகைத் திறமை சுமார்தான், அதனால் இந்த உதவியை விடமாட்டேன்.

சரி, லேசர் கிட்டின் தொல்லைகள். முதல் மரக் கிட்டை நான் கட்டியது சென்னையில், அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில். அதைவிட மோசமான நாள் பஞ்சாங்கத்தில் இல்லை. சட்டம் ஒட்டுவதற்கு முன்னால் ஆசைக்கு ஒரு சுவரின் வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் அடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சுவர் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. பின்பக்கமும் நனைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி நான்கு நாள் விட்டேன். முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதிக் கால்வாசியை, பழைய மில் என்றால் சுவர் கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிட்டில் உரித்து ஒட்டும் ஜன்னல்களும் அடுத்த மே மாதமே ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. நிறுவனத்தைக் குறை சொல்லி என்ன செய்வது, சென்னை வெயிலை நினைத்து அவர்கள் அந்தப் பசையைச் செய்யவில்லை. இப்போதெல்லாம் ஒட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து ஊசி முனையில் ஒரு துளி பசை வைத்துவிடுகிறேன். தம்பியின் மொட்டை மாடி அறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவருக்கு இது கட்டாயம். இல்லையென்றால் மர ஜன்னல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிச்சி நிறுவனத்தின் பிளாஸ்டிக் வார்ப்பு ஜன்னல்களை அதே ஓட்டையில் பொருத்தலாம். பொருந்துகிற அளவு கிடைத்தால் அது மரத்தைவிட மெல்லியதாகவும் சுத்தமாகவும் இருக்கும். ஜன்னல் சட்டம் எப்படியும் பெயின்ட் அடித்ததுதான், அங்கே மரத்துக்கு வேலையில்லை.

இன்னொன்று பூச்சி. கூரைக்கு வரும் தாள் ஓடுகளையும் அட்டையையும் இராமபாணப் பூச்சி அரிக்கும். இரண்டு பக்கமும் மங்கல் வார்னிஷ் கொடுத்துவிட்டால் பரவாயில்லை. ஆனால் ஸ்பிரே வார்னிஷை மழைக்காலக் காலை நேரத்தில் அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்த மதியத்தில் அடியுங்கள்.

மூன்றாவது வழி, கைவினைக் கிட். ஜார்ஜ் செல்லியோஸ் 1967இல் ஆரம்பித்த ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே பழைய ஆட்களுக்கு முகம் மாறும். பெட்டிக்குள் மரக் குச்சிக் கட்டுகள், கோடு கீறிய தகடுகள், ஒரு குவியல் வார்ப்புத் துண்டுகள், முழு அளவு வரைபடம், பொறுமையாக எழுதிய குறிப்பேடு. வெட்டுவது, அளப்பது, சதுரம் பார்ப்பது எல்லாம் நம் பொறுப்பு. அவருடைய ஃபிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர் என்ற மாதிரி ரயில் அமைப்பின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கட்டடமும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடு போல இருக்கும். அளவான எண்ணிக்கையில் போட்டு நிறுத்திய கிட்கள் என்பதால் இன்று பழைய பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் விலை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த விலை கொடுத்து வாங்கியவனுக்குப் பிளேடை எடுக்கக் கை நடுங்கும். என்னிடம் ஒரு பழைய கைவினைக் கிட் இருக்கிறது. பாதிச் சட்டகத்தோடு நின்று ஏழு வருஷமாகிறது. கைமரம் ஒவ்வொன்றையும் ஒரே கோணத்தில் வெட்டவேண்டிய கட்டத்தில் நிறுத்தினேன். நான்கில் தோற்றது என்றேனே, இதுதான். முதல் மர மில்லுக்கு இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான்காவது, சொந்தமாகவே கட்டுவது. இங்கே நம்மூரில் உடனே வரும் யோசனை ஐஸ்கிரீம் குச்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். குச்சியின் கனம் 2 மில்லிமீட்டர். எச்.ஓ. அளவில் அது ஏறக்குறைய 7 அங்குலம். 7 அங்குலக் கனத்தில் சுவர்ப் பலகை போட்டால் அது மில் இல்லை, கோட்டை. ஓர் அங்குலப் பலகை இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர்தான் வரவேண்டும். அரை மில்லிமீட்டர் வெனீர் கிடைத்தால் முன் தளத்துப் பலகைக்கு ஆகும். 2க்கு 4 அங்குல ரீப்பர் என்றால் 0.6க்கு 1.2 மில்லிமீட்டர், அதை வீட்டில் சீராக அறுத்தெடுக்க முடியாது, அளவு மரக்குச்சி வாங்கித்தான் ஆகவேண்டும். படுக்கைப் பலகைச் சுவருக்கு ஒரு மலிவு வழி உண்டு. மெல்லிய அட்டையைக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றும் 1.2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி, நிஜத்தில் 4 அங்குலம், கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று படிய ஒட்டிக்கொண்டே போவது. நிழல் அழகாக விழும். ஆனால் அது அட்டை. மேலே சொன்ன மரச் சாயம் அதில் எடுபடாது.

சொந்தமாகக் கட்டினால்தான் மதிப்பு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1935இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் கட்டடங்களுக்கு மதிப்பெண் போடும் முறையில் மொத்தம் 125. அதில் கட்டுமானத்துக்கு 40, நுணுக்க வேலைக்கு 20, நிஜத்தோடு ஒத்துப்போவதற்கு 25, பூச்சுக்கும் எழுத்துக்கும் 25. கிட் இல்லாமல் கட்டியதற்கு வெறும் 15. நன்றாகப் பூசிய கிட், அவசரமாகச் சொந்தமாகக் கட்டியதைத் தாண்டிப் போய்விடும். அதே சங்கத்தில் கட்டடப் பிரிவுத் தேர்ச்சிச் சான்று வேண்டுமென்றால் 12 கட்டடங்கள், அதில் 6 சொந்தமாகக் கட்டியவை காட்டவேண்டும் என்பது வேறு கதை. சைடிங்கில் ஒரு மில் வேண்டும் என்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

எந்த வழியில் போனாலும் ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறோம்: சரக்குத் தளத்தின் உயரம். பாக்ஸ் காரின் தரை தண்டவாளத்துக்கு மேலே மூன்றரை அடி முதல் நான்கு அடி வரை, அதாவது நமக்கு 12 முதல் 14 மில்லிமீட்டர். மில்லின் தளம் அதற்குச் சமமாக இருந்தால்தான் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றி நேராக உள்ளே போக முடியும். கிட்டில் உயரம் தரையிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். நம் தண்டவாளமோ 5 மில்லிமீட்டர் கார்க்கின் மேல், அதற்கு மேல் ஸ்லீப்பரும் இருப்புக் கம்பியுமாக இன்னொரு 4 மில்லிமீட்டருக்கு மேல். விளைவு, தளம் வண்டிக் கதவுக்கு முழங்கால் அளவில் நிற்கும். பிளாஸ்டிக்கோ மரமோ, அடித்தளத்துக்குக் கீழே அட்டை கொடுத்து ஏற்றிவிட்டு, பக்கத்து மண்ணையும் அதற்குத் தக்க மேடாக்கவேண்டும். இதைச் செய்யாத மில்லில் எத்தனை ஆணித் துளை போட்டும் புண்ணியமில்லை.

கூரையிலும் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை. தார்த்தாள் சுருள் 3 அடி அகலம், நமக்கு 10.5 மில்லிமீட்டர். மெல்லிய காகிதத்தைக் கறுஞ்சாம்பலில் பெயின்ட் அடித்து, அந்த அகலத்தில் கீறி, கீழ் ஓரத்திலிருந்து மேலே ஒட்டிக்கொண்டே போனால் கிட்டோடு வந்த கூரையைவிட நன்றாக இருக்கும். ஒன்றிரண்டு இடத்தில் நிறம் மாறிய ஒட்டு போட்டால் இன்னும் நல்லது. தீவன மில்லுக்கென்றே உள்ள ஒரு அடையாளம் தூசி. கதவைச் சுற்றியும் தளத்தின் மேலும் காற்றுப்போக்கிக்குக் கீழேயும் வெளிர் மஞ்சள் சாக்பீஸ் பொடியை விரலால் தடவுங்கள். நானும் அதைக் கடைசியில்தான் கற்றுக்கொண்டேன், அதைத் தடவும்வரை என் மில் காலி கொடவுன் போலத்தான் இருந்தது.

வாங்குவதில் ஒரு நடைமுறை விஷயம். அமெரிக்காவிலிருந்து வருகிற சொந்தக்காரர் பெட்டியில் கிட் வரும், மரக் கிட் எடையும் குறைவு. பிளாஸ்டிக் ஒட்டும் திரவமும் ஸ்பிரே வார்னிஷும் எரியக்கூடியவை, விமானத்தில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இங்கேயே மாடல் சாமான் விற்கிற கடைகளில் தேடிக்கொள்ளவேண்டும். மரத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முக்குக் கடை ஃபெவிகால் போதும், அதையும் பல்குச்சியில் தொட்டு மெல்லியதாக.

என் ரயில் அமைப்பில் இப்போது இரண்டு மில் இருக்கின்றன. ஓரத்தில், ஆட்கள் குனிந்து பார்க்கிற இடத்தில் நிற்பது லேசர் மரக் கிட், தெற்குச் சுவர் நன்றாக உரிந்தது. கட்ட ஆறு வாரத்து மாலைகள் ஆயின. பின்னால் சுவரை ஒட்டி, மலைக்குப் பக்கத்தில் நிற்பது பிளாஸ்டிக். அதன் சரக்குத் தளத்தையும் படிக்கட்டையும் மட்டும் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த பாஸ்வுட் குச்சிகளில் செய்து வைத்தேன். பெயின்ட் அடிக்காத மரம் ஒரு தீவன மில்லில் நிச்சயமாகத் தெரியக்கூடிய இடம் அந்தத் தளம்தான். அங்கே மட்டும் மரம் வைத்தால் பார்க்கிறவர் முழு மில்லையும் மரம் என்றே எடுத்துக்கொள்கிறார். வந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இன்ஜின் எங்கே என்றுதான் கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

தம்பியின் சைடிங் ஓரத்திலிருந்து 80 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஸ்டேஷன் கூரைக்குப் பின்னால். மில்லை என்ன நிறத்தில் நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பச்சைண்ணே. புதுசா அடிச்ச மாதிரி, மேல வெள்ளையில கம்பெனி பேர்."

"அப்ப பிளாஸ்டிக்கே வாங்குங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மரக் கிட் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல.

"சரிண்ணே. அந்தத் தளத்துக்குக் குச்சி மிச்சம் இருக்குன்னீங்களே, எவ்வளவு இருக்கு?"

24 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கட்டு இருக்கிறது. சாயம் ஏற்றிக் காயவைத்திருக்கிறேன், நாளைக்குக் கூரியரில் போகிறது.